காலை எட்டரை மணிக் கூட்டம் எங்கே போனது?

கொரோனா பெருந்தொற்றில் ஊரடங்கிய 2020 ஏப்ரலில் லண்டன் சுரங்க ரயிலில் வழக்கமாக வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். நியூயார்க் சப்வேயில் வேலை நாள்களில் ஏறத்தாழ 55 லட்சம் பயணங்கள் நடந்துகொண்டிருந்தன. அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மே 6 முதல் அங்கே இரவு ஒன்றிலிருந்து ஐந்து மணி வரை வண்டி ஓடாது என்று அறிவித்தார்கள். 1904இல் தொடங்கியதிலிருந்து இரவெல்லாம் ஓடும் ரயில் என்று பெயர் வாங்கிய சப்வே, திட்டமிட்டுத் தினமும் கதவைச் சாத்தியது அதுவே முதல் முறை. ஆகாயத்திலும் அதே கதைதான். 2019இல் உலகம் முழுக்க சுமார் 450 கோடியாக இருந்த விமானப் பயணிகள் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 180 கோடிக்கு வந்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. விமானங்கள் நிரம்பிவிட்டன, சாலைகளில் நெரிசல் பழையபடி. ஏப்ரல் 2020இன் தொடக்கத்தில் உலகின் அன்றாடக் கார்பன் வெளியீடு முந்தைய ஆண்டைவிட 17% குறைந்தது. அந்தக் குறைவில் ஏறத்தாழ பாதி சாலைகளும் ரயில்களும் அடங்கிப்போனதால் வந்தது. அதுவும் சில மாதங்களில் கரைந்துபோனது. திரும்பி வராத ஒன்று உண்டு: காலை, மாலை 'பீக் ஹவர்'. முழுதாக அழிந்துவிடவில்லை; ஆனால் வாரம் ஐந்து நாளும் ஒரே உயரத்தில் எழுந்து அடங்கும் அந்தப் பழைய அலை உடைந்துவிட்டது. போக்குவரத்துத் திட்டமிடல் ஏன் இன்றைக்கும் தடுமாறுகிறது என்று புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏனென்றால் முக்கால் நூற்றாண்டாக எல்லாமே அந்த அலையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டன. 1950களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருவான முறையை இன்றும் உலகெங்கும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரு பகுதியில் எத்தனை வீடு, எத்தனை வேலையிடம் என்று எண்ணுவார்கள். அங்கிருந்து கிளம்பும் பயணங்கள் எந்தெந்தப் பகுதிக்குப் போகும் என்று பிரிப்பார்கள். அதில் எத்தனை காருக்கு, எத்தனை பஸ்ஸுக்கு, எத்தனை ரயிலுக்கு என்று ஒதுக்குவார்கள். கடைசியாக, எந்தச் சாலையில், எந்தத் தடத்தில் போவார்கள் என்று ஏற்றிப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கின் முதுகெலும்பு வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் பயணம். அது தினமும் நடக்கும், ஒரே நேரத்தில் நடக்கும், கணிக்கச் சுலபம். காலை எட்டு முதல் ஒன்பது வரை தாங்கினால் மற்ற நேரமெல்லாம் தானாகவே தாங்கும் என்ற நம்பிக்கையில்தான் சாலைக்கு எத்தனை தடம், ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று தீர்மானித்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்துக்கான செலவு எவ்வளவு விசித்திரமானது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பீக் ஹவருக்காக மட்டும் டிப்போவிலிருந்து எடுக்கும் ஒரு பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பும். நகர மையத்துக்குப் போகும்போது படிக்கட்டு வரை கூட்டம், திரும்பி வரும்போது காலி. ஒன்பதரைக்கு மறுபடி டிப்போவில் வந்து நிற்கும். மாலை நாலரைக்குத்தான் அடுத்த நடை. ஓட்டுநருக்குக் காலையில் பாதி வேலை, மாலையில் பாதி வேலை, நடுவில் வீட்டுக்குப் போய் வரவும் முடியாத, முழு ஓய்வாகவும் எடுக்க முடியாத சில மணி நேரம். வண்டி வாங்கிய கடன், டயர், பராமரிப்பு, நிறுத்த இடம் எல்லாம் அந்த ஒன்றிரண்டு நிரம்பிய நடைகளுக்காக. எந்த ஊர் நிர்வாகத்தைக் கேட்டாலும் சொல்வார்கள், கூட்டம் நெரிகிற நேரத்தில்தான் நஷ்டமும் நெரிகிறது என்று. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

சரி, அந்தக் கூட்டம் கலைந்தால் நல்லதுதானே? கலைந்த விதத்தில்தான் சிக்கல்.

அமெரிக்க மக்கள்தொகை ஆய்வின்படி, 2019இல் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் 5.7%. 2021இல் அது 17.9% ஆனது. அப்புறம் சற்று இறங்கினாலும் 2023இல் 13.8%, அதாவது பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இது பெரும்பாலான நாள் வீட்டிலேயே இருப்பவர்களின் கணக்கு மட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்கள் இதில் சரியாகப் பிடிபடுவதில்லை, ரயில் நிர்வாகங்களுக்கு உண்மையான தலைவலி அவர்கள்தான். சனி, ஞாயிறு விடுமுறை உள்ள நாடுகளில் இவர்கள் தேர்ந்தெடுக்கும் நாள்கள் கிட்டத்தட்ட ஒன்றே: செவ்வாய், புதன், வியாழன். ஒருவர் ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் வந்தால் டிக்கெட் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். செலவு அப்படிக் குறையாது. புதன்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாப் பெட்டியும் வேண்டும், எல்லா ஓட்டுநரும் வேண்டும். வெள்ளிக்கிழமை அவை பாதி காலியாக ஓடும். வாரம் முழுக்கச் சீராகக் குறைந்திருந்தால்கூடச் சில வண்டிகளை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இதில் முதலில் அடிபட்டது சீசன் டிக்கெட். ஐந்து நாள் போகிறவரை மனதில் வைத்து விலை போட்ட சீட்டு அது. மூன்று நாளுக்குக் கட்டுப்படியாகாது. பிரிட்டன் ரயில்வே 2021 ஜூனில் 28 நாளில் ஏதாவது 8 நாள் பயணம் செய்ய ஒரு சீசன் டிக்கெட்டைக் கொண்டுவந்தது. ஜப்பானில் கிழக்கு ஜப்பான் ரயில்வே நிறுவனம் இன்னொரு வழியில் போனது. 2023 மார்ச் முதல், காலை பீக் நேரத்தைத் தவிர்க்கிறவர்களுக்கு டோக்கியோ வட்டாரத்தில் சுமார் 10% மலிவான பாஸ். கூடவே சாதாரண பாஸின் விலையைக் கொஞ்சம் ஏற்றினார்கள். நெரிசல் நேரத்துக்கு ரயிலிலும் கூடுதல் விலை இருக்கலாம் என்பது பொருளாதாரப் பாடநூல்களில் எப்போதோ எழுதியாகிவிட்டது. ஐந்து நாள் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் தேர்தலில் வாக்களிக்கவும் செய்வார்கள் என்பதால் நடைமுறைக்கு வர இத்தனை காலம் பிடித்தது.

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் பயணம் குறையும் என்று பலர் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவில் வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரம் 2023க்குள் 2019 அளவுக்கு வந்துவிட்டது. பயணத்துக்கு மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரத்தை ஒட்டிச் செலவிடுகிறார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸகாவி 1970களிலேயே எழுதினார்; இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1990களில் அந்தக் கருத்தைப் பரவலாக்கினார். தனி மனிதரிடம் இது பொருந்தாமல் போகலாம், ஊர்ச் சராசரியில் ஓரளவு பொருந்துகிறது. அலுவலகம் போகாத நாளில் மிச்சமாகும் நேரத்தில் ஒருவர் பகலில் மருத்துவரிடம் போகிறார், பள்ளிக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருகிறார், கடைக்கு ஒருமுறைக்கு இரண்டு முறை போகிறார். வாரம் இரண்டு நாள்தானே என்று அலுவலகத்திலிருந்து இன்னும் தூரத்தில் வீடு பார்த்துக் குடிபோகிறார். இந்தப் பயணங்கள் எல்லாத் திசையிலும் எல்லா நேரத்திலும் சிதறியிருக்கின்றன. மையத்தை நோக்கி ஓடும் ரயிலுக்கு இவை வசதிப்படாது. காருக்கு மிக வசதி.

இன்னொரு பக்கம், பயணத்தை நிறுத்தவே முடியாதவர்கள் இருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர், செவிலியர், கிடங்கில் பெட்டி அடுக்குபவர், முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். சுரங்க ரயில் காலியானபோதும் பஸ்ஸில் ஆள் இருந்தது. லண்டனில் பஸ் ஓட்டுநர்கள் பலர் தொற்றில் இறந்த பிறகு, 2020 ஏப்ரல் 20 முதல் முன்கதவைப் பயணிகளுக்கு மூடினார்கள். நடுக்கதவு வழியாக ஏற வேண்டும். கார்டு தேய்க்கும் கருவி முன்பக்கம் ஓட்டுநர் அருகே இருப்பதால் கட்டணமும் வாங்க வழியில்லை. நியூயார்க்கிலும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பின்கதவில் ஏறி இலவசமாகப் போனார்கள். கட்டணம் இல்லாத இழப்பை இப்படித் தாங்க ஒரு அரசு பின்னால் இல்லாத இடங்களில் நிலைமை வேறு. கென்யாவில் 14 இருக்கை மத்தாத்து வேன்களில் 8 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று விதி வந்தது. வேன் தனியாருடையது, மானியம் கிடையாது. இழந்த இருக்கைகளின் கட்டணம் மிச்சம் ஏறியவர்கள் தலையில் விழுந்தது. உலகில் பெரும்பாலான நகரங்களின் போக்குவரத்து இந்த வகைதான். பெருந்தொற்றும் போக்குவரத்தும் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் ரயில் உள்ள நகரங்களைச் சுற்றியே வருகின்றன. இந்தக் கட்டுரையும் அதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

தொற்று பற்றிய பயம் எவ்வளவு நியாயம்? பிரான்சில் 2020 மே முதல் ஜூலை வரை நோய் பரவிய தடத்தைத் தேடியவர்களால், கண்டறிந்த தொற்றுக் கொத்துகளில் (ஒரே இடத்திலிருந்து பலருக்குப் பரவியவை) எதையும் பொதுப் போக்குவரத்தோடு சேர்க்க முடியவில்லை. டோக்கியோவிலும் சியோலிலும் முகக்கவசத்துடன் ரயில்கள் நிற்காமல் ஓடின. இதை வைத்து ரயில் பாதுகாப்பு என்று முடிவு கட்டுவதும் அவசரம்தான். பக்கத்தில் நின்ற முகம் தெரியாதவரைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லாத இடத்தில் கொத்து கிடைக்காதது அதிசயமில்லை. ஆனால் மூடிய அறையில் நெடுநேரம் உட்கார்ந்து சாப்பிடுவதோடு ஒப்பிட்டால், காற்று அடிக்கடி மாறும் பெட்டியில், யாரும் அதிகம் பேசாமல் இருபது நிமிடம் நிற்பது அவ்வளவு மோசமில்லை என்பது பின்னால் தெளிவானது. அது தெளிவாவதற்குள் கார் வாங்க வசதியுள்ளவர்கள் கார் வாங்கிவிட்டார்கள்.

காலியான சாலைகள் இன்னொரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. 2020இல் அமெரிக்காவில் வாகன ஓட்டம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சாலையில் இறந்தவர்கள் எண்ணிக்கையோ 2019ஐவிட சுமார் 7% கூடி 39,000ஐத் தொட்டது. அடுத்த ஆண்டு சுமார் 43,000. வண்டி குறைந்தால் விபத்து குறையும் என்ற சாதாரண எதிர்பார்ப்பு பொய்த்தது. குடித்துவிட்டு ஓட்டுவது, சீட் பெல்ட் போடாதது போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் முதன்மையானது வேகம். பீக் நேரக் கூட்டத்துக்காக ஆறு தடம், எட்டுத் தடம் என்று அகலமாகப் போட்ட சாலையில் அத்தனை நாளும் வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தது நெரிசல்தான். நெரிசல் போனதும் சாலையின் வடிவம் ஓட்டுநரிடம் என்ன சொல்கிறதோ அதை அவர் செய்தார். ஒரு மணி நேரத்துக்காகக் கட்டியது மீதி இருபத்து மூன்று மணி நேரமும் ஆபத்தாக நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேட வேண்டியதில்லை.

சில நகரங்கள் அந்தக் காலியிடத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. கொலம்பியாவின் போகோட்டா 1970களிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டுப் பழகிய ஊர். 2020 மார்ச்சிலேயே, கூம்பு வடிவத் தடுப்புகளை வரிசையாக வைத்து தற்காலிகச் சைக்கிள் பாதைகளைப் போட்டது. ஏப்ரலில் மிலான் 35 கிலோமீட்டர் தெருக்களை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. பாரிஸ் மே மாதம் ரிவோலி தெருவிலிருந்து பெரும்பாலான கார்களை வெளியேற்றியது. அங்கே தற்காலிகப் பாதைகள் போட்ட இடத்தைக் கவனித்தால் சுவாரசியம்: மெட்ரோவின் 1, 4, 13ஆம் தடங்கள் தரைக்கு அடியில் ஓடும் அதே வழிகளில், தரைக்கு மேலே. மெட்ரோவில் ஏறத் தயங்குகிறவர் காருக்குப் போய்விடாமல் சைக்கிளுக்கு வர வேண்டும் என்ற கணக்கு. மஞ்சள் பெயின்ட், பிளாஸ்டிக் கம்பம், சிமென்ட் தடுப்பு, அவ்வளவுதான் பொருள். சாதாரணமாக ஒரு சைக்கிள் பாதைக்குக் கருத்துக் கேட்பு, வரைபடம், வழக்கு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இங்கே முதலில் போட்டுவிட்டு அப்புறம் கருத்துக் கேட்டார்கள்.

எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் போட்ட பாதையை உள்ளூர் மன்றம் சில வாரங்களிலேயே, 2020 டிசம்பரில், பிடுங்கிவிட்டது. பாரிஸில் நின்றதற்குப் பெருந்தொற்று மட்டும் காரணமில்லை. நகரத் தலைவர் ஆன் இதால்கோ ஏற்கெனவே சைக்கிளை வைத்துத் தேர்தல் அரசியல் செய்துகொண்டிருந்தார்; 2019 டிசம்பரில் நடந்த நீண்ட போக்குவரத்து வேலைநிறுத்தம் பல பேரைச் சைக்கிள் மேல் ஏற்றியிருந்தது. பின்பு 2021 முதல் 2026 வரைக்கு 25 கோடி யூரோ திட்டம் போட்டு, தற்காலிகப் பாதைகளை நிரந்தரமாக்கினார்கள். 2024இல் வெளியான பாரிஸ் வட்டார நிறுவனத்தின் ஆய்வின்படி, நகர எல்லைக்குள் நடக்கும் பயணங்களில் சைக்கிளின் பங்கு 11.2%, காரின் பங்கு 4.3%. கைவசம் திட்டம் வைத்திருந்த ஊருக்கு நெருக்கடி வேகம் கொடுத்தது. திட்டம் இல்லாத ஊரில் கூம்புகள் கிடங்குக்குத் திரும்பின.

இனி பணத்துக்கு வருவோம், கதையின் கனமான பகுதி இதுதான். பெருந்தொற்றுக்கு முன், டிக்கெட் வருமானத்தில் சொந்தக் காலில் நிற்கும் நிர்வாகம்தான் சிறந்த நிர்வாகம் என்று பாராட்டுவது வழக்கம். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் வருவாயில் சுமார் 72% கட்டணத்திலிருந்து வந்தது. பாரிஸிலும் நியூயார்க்கிலும் அது 40%க்குக் கீழ். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் 'பார்ட்' ரயிலும் இயக்கச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டிக்கெட்டிலேயே எடுத்தது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவைதான் மோசமாக விழுந்தன. பயணி இல்லாத நாளில் வரிப் பணத்தில் ஓடும் நிறுவனம் தள்ளாடும். டிக்கெட் பணத்தில் ஓடும் நிறுவனம் படுத்துவிடும். லண்டன் 2020 மே மாதமே அரசிடம் 160 கோடி பவுண்டு உதவி வாங்க வேண்டியிருந்தது. உதவியோடு கட்டண உயர்வும் நிபந்தனைகளும் வந்தன.

அமெரிக்க மத்திய அரசு மூன்று சட்டங்கள் வழியாகப் பொதுப் போக்குவரத்துக்கு மொத்தம் 6,900 கோடி டாலர் கொடுத்தது. அது தீரும்வரை பிரச்சினை ஒத்திப்போடப்பட்டது, தீரவில்லை. 2025 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவின் போக்குவரத்து நிறுவனம் பல பஸ் தடங்களை நிறுத்தியது, செப்டம்பரில் கட்டணத்தை 21.5% ஏற்றியது. எதிர்ப்பும் நீதிமன்றமும் குறுக்கிட, கட்டுமானத்துக்கு வைத்திருந்த பணத்தை அன்றாடச் செலவுக்கு எடுத்துத்தான் சேவையை மீட்டார்கள். இந்தச் சுழலைத் துறையில் எல்லோரும் அறிவார்கள்: பயணி குறைந்தால் வருமானம் குறையும், வருமானம் குறைந்தால் வண்டியைக் குறைப்பார்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றானால் மிச்சப் பயணியும் போய்விடுவார். பாலம் கட்ட வைத்த பணத்தில் டீசல் போடுவது சுழலை மெதுவாக்கும், அவ்வளவே. நியூயார்க் வேறு வழி பிடித்தது. நிறுவனங்கள் கட்டும் சம்பள வரியை 2023இல் ஏற்றினார்கள்; 2025 ஜனவரி 5 முதல் மான்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் நுழையும் கார்களுக்குப் பகலில் 9 டாலர் கட்டணம். காரில் போகிறவரும் ரயிலுக்குப் பணம் தர வேண்டும் என்பது பழைய யோசனைதான், பெருந்தொற்று ஏற்படுத்திய ஓட்டை அதன் அவசரத்தைக் கூட்டியது.

திட்டமிடுபவர்களின் மேசையில் என்ன மாறியது? ஒரே எண்ணைச் சொல்லும் துணிச்சல் போய்விட்டது. முன்பெல்லாம் 2040இல் இந்தச் சாலையில் இத்தனை வாகனம் ஓடும் என்று ஒரு கணிப்பு வரும், அதற்கேற்பச் சாலை வரும், சாலை வந்ததும் கணிப்பு பலிக்கும். பிரிட்டன் போக்குவரத்துத் துறை 2022 டிசம்பரில் வெளியிட்ட தேசியச் சாலைப் போக்குவரத்துக் கணிப்பில் எட்டு வெவ்வேறு எதிர்காலங்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை, இணையத்தில் வாங்குதல் போன்ற பழக்கங்கள் நீடித்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது அதில் ஒன்று. கிளென் லயன்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே ஒன்றை வலியுறுத்தி வந்தார்கள்: ஒருவர் ஒரு காரியத்தை முடிக்க, பயணம் செய்யலாம், அந்த இடம் பக்கத்திலேயே இருக்கலாம், அல்லது இணையத்தில் முடிக்கலாம், மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். 2020க்கு முன் இதைச் சொன்னால் கருத்தரங்கோடு முடிந்துவிடும். இப்போது அரசு வழிகாட்டிகளிலும் பேசப்படுகிறது.

ஆனால் எட்டு எதிர்காலத்தை வைத்துக்கொண்டு ஒரு சுரங்கம் தோண்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியுமா? லண்டனில் நடந்ததைப் பார்த்தால் சங்கடம் புரியும். கிராஸ்ரெயில் 2 என்ற புதிய ரயில் பாதைத் திட்டத்தை 2020 நவம்பரில் நிதி நெருக்கடியில் நிறுத்திவைத்தார்கள். அலுவலகக் கூட்டமே இல்லையே என்ற வாதம் அப்போது எல்லோருக்கும் ஏற்புடையதாக இருந்தது. அதற்கு முந்தைய கிராஸ்ரெயில், அதாவது எலிசபெத் பாதை, ஏற்கெனவே கட்டி முடியும் நிலையில் இருந்ததால் 2022 மே 24 அன்று திறந்தார்கள். பீக் நேரக் கூட்டத்தைக் காரணம் காட்டிக் கட்டிய அந்தப் பாதையில் 2023-24இல் 20 கோடிக்கும் அதிகமான பயணங்கள் நடந்தன. வார இறுதியிலும் கூட்டம். அலுவலகத்துக்காகக் கட்டியது, கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் போகப் பயன்பட்டது. நல்ல வண்டி அடிக்கடி வந்தால் மக்கள் காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

பாஸ்டன் இதைச் சுரங்கம் தோண்டாமலேயே செய்து பார்த்தது. அங்கே புறநகர் ரயில் அட்டவணை முழுக்கக் காலையில் உள்ளே, மாலையில் வெளியே என்று இருந்தது. பகலில் வண்டிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி. 2021 ஏப்ரலில் பீக் நேர வண்டிகள் சிலவற்றைக் குறைத்து, நாள் முழுக்கச் சீரான இடைவெளியில் ஓட விட்டார்கள். புதிய தண்டவாளம் இல்லை, புதிய பெட்டி இல்லை. அந்த ரயில் பின்னர் அதே ஊரின் சப்வேயைவிட வேகமாகப் பயணிகளைத் திரும்பப் பெற்றது. இந்த மாற்றத்தில் அதிகம் பயனடைகிறவர்கள் யார் என்று யோசித்தால், பழைய அட்டவணை யாரை மறந்திருந்தது என்று தெரியும்: பகல் ஷிஃப்ட் முடித்து இரண்டு மணிக்குக் கிளம்புபவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வழியில் காய்கறி வாங்கித் திரும்பும் பெண். இவர்கள் 2019இலும் இருந்தார்கள். கணக்கில்தான் வரவில்லை.

என் கருத்தில் பெருந்தொற்றின் உருப்படியான பாடம் இந்த அட்டவணை விஷயம்தான். பதினைந்து நிமிட நகரம் போன்ற முழக்கங்களுக்குக் கிடைத்த விளம்பரத்தில் கால் பங்கு இதற்குக் கிடைத்திருக்கலாம். பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016இல் சொன்ன அந்தக் கருத்து எளிமையானது, தேவையானவை நடை தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. 2023 வாக்கில் அது மக்களை அடைத்துவைக்கும் சதி என்று பிரிட்டனில் ஊர்வலம் போகும் அளவுக்குத் திரிந்தது. ஊரடங்கின் கசப்பு வந்து ஒட்டிக்கொண்ட இடங்களில் அதுவும் ஒன்று. அட்டவணையை எதிர்த்து யாரும் ஊர்வலம் போவதில்லை.

இதற்கிடையே பழைய அலை திரும்பவும் முயல்கிறது. பெரிய நிறுவனங்கள் சில ஊழியர்களை ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்கின்றன. அமேசான் 2025 ஜனவரி முதல் அப்படிச் செய்தது. டிக்கெட் வருமானத்தைப் பார்க்கும் ரயில் கணக்காளருக்கு இது நல்ல செய்தி. பெட்டி வாங்க வேண்டிய பொறியாளருக்குக் கவலை, ஏனென்றால் இன்று வாங்கும் பெட்டி முப்பது நாற்பது ஆண்டு ஓட வேண்டும், அலுவலக விதி ஒரு மின்னஞ்சலில் மாறிவிடும். கிழக்கு ஜப்பான் ரயில்வேக்கும் இந்தக் கவலை இருந்திருக்க வேண்டும். நெரிசலைத் தவிர்ப்பவர்களுக்குக் கொடுத்த 10% தள்ளுபடியை 2024 அக்டோபரில் 15% ஆக்கியது.